சொல்லிக்கொண்டு சாகிற எதிரி

"மனிதன் குகையில் வாழ்ந்த காலந்தொட்டு இரண்டே காரியங்களைத்தான் மனசார ரசித்துச் செய்துவந்திருக்கிறான். ஒன்று, கதை கேட்பது. இன்னொன்று, குறிபார்த்து அடிப்பது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் தருகிற கலைவடிவம் எதுவோ, அதுவே மானுடப் பண்பாட்டின் சிகரம். அந்தச் சிகரத்தின் உச்சியில், தோழர்களே, இன்று தமிழன் நிற்கிறான்!"

வேல்நெடுங்கோ இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகச் சற்று நிறுத்தினார். அந்த இடைவெளியில், முதல் வரிசையில் இருந்த முதலீட்டாளர் ஒருவர் கையிலிருந்த கொசு பேட்டை ஒரு வீசு வீசினார். 'பட்' என்று கொசு வெடித்தது. அரங்கமே கைதட்டியது.

கொசுவுக்குக் கிடைத்ததைத் தமக்குக் கிடைத்ததாக ஏற்றுக்கொண்டு அவர் குனிந்து வணங்கினார். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் சுரேஷ்பாபு. அவர் கம்பெனி செய்த 'தும்பை' என்கிற துப்பாக்கி வீடியோ விளையாட்டு ஊர் ஊராக ஓடத் தொடங்கிய பிறகு, சுரேஷ்பாபு என்று பெயர் வைத்துக்கொண்டு போர்க்களத்தைப் பற்றிப் பேசினால் எடுபடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மன்னர்த்தனமாக ஒரு பெயரைத் தேடிச் சூட்டிக்கொண்டார். அலுவலகத்தில் சுருக்கமாக 'கோ சார்'. கோ என்றால் அரசன் என்று தெரிந்தவர்கள் அங்கே இரண்டொருவர்தான். மற்றவர்கள் அவரை ஏதோ ஆங்கிலத்தில் போகச் சொல்கிறோம் என்ற நினைப்பிலேயே சந்தோஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வரிசையில் செண்பகவல்லி கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள். 'தும்பை'யின் கதைத் துறைத் தலைவி அவள். துறையில் அவளுக்குக் கீழே யாரும் கிடையாது. மேலே மட்டும் நிறையப் பேர். இரண்டு மலைநாடுகள் ஓர் அணைக்காக அடித்துக்கொள்கிற கதையை அவள்தான் எழுதினாள். கதாநாயகனுக்கு ஓர் அம்மாவை வைத்தாள். முதல் தடவை துப்பாக்கியைத் தொடும்போது அவன் கை நடுங்கி அழுகிற காட்சி ஒன்றை வைத்தாள். விளையாட்டு வெளிவந்த ஒரே மாதத்தில் அழுகை ஒரு பெருமூச்சாகச் சுருங்கியது. அம்மா ஓர் இருமலானாள். பிறகு இருமலும் நின்றுவிட்டது. யாரும் கத்தரி வைக்கவில்லை. விளையாடுகிறவர்களின் ருசியை அளந்து கதையை மாற்றுகிற சுவைமானி என்கிற இயந்திரமே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது.

கோ சார் 'வீரம் நம் குருதியில்' என்கிற பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அதிர்ந்தது. வரவேற்பறையிலிருந்து. உங்க சொந்தக்காரர் ஒருத்தர் வந்திருக்கார், பேர் சொல்ல மாட்டேங்கிறார், குரலை மட்டும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு என்றார்கள்.

கீழே போய்ப் பார்த்தால் ஆறுமுகநயினார்.

நயினார் வடபழனியில் டப்பிங் கலைஞர். வேற்றுமொழிப் படங்கள் தமிழுக்கு வரும்போது, வில்லனுக்கு அடியாளாக வந்து இரண்டாம் நிமிஷம் செத்துப்போகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் குரல். ஸ்டூடியோக்களில் 'சாவுக்கு நயினார்' என்றால்தான் தெரியும். கத்தியில் செத்தால் ஓர் 'ஆ', குண்டில் செத்தால் வேறோர் 'ஆ', மாடியிலிருந்து விழுந்தால் போகப்போகத் தேய்கிற 'ஆ'. அவருக்குத் திருநெல்வேலி, அவளுக்குக் கோவில்பட்டி. அந்தப் பாசத்தில் அவள்தான் அவரை 'தும்பை'க்குக் கூட்டிவந்தாள். சாகாத ஒரு பாத்திரம் தருகிறேன் அண்ணாச்சி, கடைசியில் பத்திரமாக வீடு திரும்புகிற எதிரிநாட்டுக் காவலன் என்று சொல்லியிருந்தாள். அந்தக் காவலனைச் சுவைமானி முதல் வாரமே காலி செய்துவிட்டது. அவருடைய குரலை மட்டும் வைத்துக்கொண்டு, எதிரிப் படை முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது.

கேன்டீனில் ஓரமாக உட்கார்ந்தார்கள்.

"போன் அடிச்சிருக்கலாமே அண்ணாச்சி. இந்த வெயில்ல..."

"போன்ல சொல்லுத விஷயமில்ல தாயி." நயினார் காபியை ஆற்றுகிற சாக்கில் சுற்றுமுற்றும் பார்த்தார். "எங்க அபார்ட்மென்ட்ல வீட்டுக்கு வீடு நான் சாவுதேன். படியேறும்போது மொத மாடில சாவுதேன். ரெண்டாவது மாடில சாவுதேன். எங்க வீட்டுக் கதவத் தட்டுததுக்குள்ள உசிரே போயிருது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரி, சிரி. நானும் சிரிச்சவன்தான். சாவுறது என் தொழிலு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, கேட்டியா. ஆனா சாவுறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுதேன்லா, அத யாரு எழுதுனா? நீயா?"

"எத அண்ணாச்சி?"

"போயிட்டு வாரேன்னு."

செண்பகவல்லிக்கு அது தெரியும். கொஞ்ச நாளாகவே எதிரி வீரர்கள் குண்டு பட்டுச் சாயும்போது அப்படிச் சொல்லிக்கொண்டு சாகிறார்கள். அலறாமல், வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே வீட்டுக்குள் பார்த்துச் சொல்கிற மாதிரி. அவள் எழுதியதில்லை. எவனோ ஒருத்தன் செய்த குறும்பு என்று விட்டிருந்தாள்.

"போன மாசம் ஒரு டப்பிங். கெளம்பிச் செருப்ப மாட்டுதேன். உள்ள பாத்து 'போயிட்டு வாரேன்'ங்கேன். எதுத்த வீட்லயிருந்து அதே குரல், என் குரலுதான், 'போயிட்டு வாரேன்'ங்குது. கூடவே டுமீல்னு ஒரு சத்தம். உங்க மதினி அப்படியே சுவத்தப் பிடிச்சிட்டு உக்காந்துட்டா."

மதினி என்றால் அவர் மனைவி பேச்சியம்மாள்.

"அன்னையிலருந்து வீட்ல அந்த வார்த்தைக்குத் தடை. சரி, போறேன்னு சொல்லலாம்னா அது அதவிட அபசகுனம். ஒண்ணுமே சொல்லாமப் போனா, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீகளேன்னு அதுக்கும் அழுதா. ஒரு மனுசன் வீட்ட விட்டு வெளிய போவணும்னா இந்த மூணுல ஒண்ணு வேணும்லா? அதனால நான் வெளிய போறதே இல்ல. ரெண்டு படம் கைவிட்டுப் போச்சு. இன்னைக்கு அவ குளிக்கப் போன நேரம் பாத்து, செருப்பக் கையில எடுத்துட்டு, களவாணி மாதிரி வந்திருக்கேன்."

அவள் சுவைமானியைப் பற்றி அவருக்கு விளக்கப் பார்த்தாள். "நெத்தியில ஒரு பட்டையக் கட்டிட்டு விளையாடுவாங்க அண்ணாச்சி, தலவலிக்குத் துணி கட்டுத மாதிரி. மனசுக்கு எது ருசிக்குதுன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். ருசிச்சதக் கூட்டும், ருசிக்காததக் கொறைக்கும். அந்தந்த ஆளுக்குத் தக்கன கதைய அதுவே மாத்தி எழுதிக்கும். நான் எழுதுனதுல பாதி இப்ப அதுல இல்ல."

"அப்ப ஓட்டல்காரன்தான். வயித்துக்கு ஆவுமான்னு பாக்க மாட்டான். எலையில என்ன மிஞ்சியிருக்குன்னு மட்டும் பாப்பான்." நயினார் எழுந்தார். "எத்தன தடவ வேணும்னாலும் என்னக் கொல்லட்டும். அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துருங்க. அவ குளிச்சி முடிச்சிருப்பா, நான்..." என்று தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டார். வெறுமே தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

"நாளைக்கே எடுத்துருதேன் அண்ணாச்சி!" என்று அவர் முதுகைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னாள். கேன்டீனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒலிப்பதிவைக் கவனித்துக்கொள்கிறவன் ராபின். பெரம்பூர்க்காரன். விஷயத்தைக் கேட்டதும் காதிலிருந்த ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கி, தலையைச் சொறிந்தான்.

"அது நான் பண்ண வேலைதான்க்கா. வேணும்னு பண்ணல. உங்க அண்ணாச்சி டெய்லி ரெக்கார்டிங் முடிஞ்சதும் என்கிட்ட சொல்லிக்க மாட்டார். மைக்கைத் தொட்டுக் கண்ல ஒத்திக்கிட்டு, மைக்குகிட்டதான் சொல்வார், போயிட்டு வாரேன்னு. சோறு போடுறது அதுதானேம்பார். தினமும் அது ரெக்கார்ட் ஆயிடும். நான் அதை வெட்டித் தனியா வெச்சு, மேல 'எக்ஸிட்'னு பேர் போட்டேன். ஆர்ட்டிஸ்ட் கெளம்பிட்டார்னு அர்த்தம். அந்த மிஷினுக்கு எக்ஸிட்னா எதிரி களத்தை விட்டுப் போறது. அதாவது சாவு. இவ்ளோ அருமையான சாவு வசனத்தை ஏன் சும்மா வெச்சிருக்கானுங்கன்னு அது எடுத்துப் போட்டுடுச்சு."

"சரி, அழிச்சிரு."

"அழிச்சுப் பார்த்தேன்க்கா. மறுநாளே அந்தக் குரலை வெச்சுத் தானா புதுசா செஞ்சுக்கிச்சு. சுவைமானி விடாது. கத்திக்கிட்டுச் சாகறவனைச் சுடறதைவிட, மரியாதையா சொல்லிட்டுப் போறவனைச் சுட்டா ஜனங்களுக்கு அவ்ளோ ருசியா இருக்காம். கோ சார் சொன்னாத்தான் அந்த வார்த்தையைப் பூட்ட முடியும்."

கோ சாரின் அறையில் நாற்காலிக்குப் பதிலாக ஒரு சிம்மாசனம் இருந்தது. நாடகக் கம்பெனி ஒன்று கலைந்தபோது வாங்கியது. ஒரு சிங்கத்துக்கு மூக்கு இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு திறந்தார்.

"செண்பகவல்லி, நம் படைப்பின் ஆன்மாவையே எடுக்கச் சொல்றீங்க."

"சார், அது ஒரு தப்பு. பேர் மாத்தி வெச்சதுல வந்த தப்பு."

"போர்க்களத்தில் வீழ்கிற வீரன், போகிறேன் என்று சொல்லவில்லை. போய்விட்டு வருகிறேன் என்கிறான். மரணத்தின் வாசலில் நின்று மறுபிறவியை அறிவிக்கிறான்! வெளிநாட்டு விமர்சகர் ஒருத்தர் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வெச்சு முப்பது பக்கம் எழுதியிருக்கார். கீழைத்தேய தத்துவத்தின் சாரமாம்."

"அவர் பஸ்ஸைப் பிடிக்கப் போறதுக்கு முன்னாடி மைக்குகிட்ட சொன்னது சார் அது."

"படைப்பாளியே அறியாமல் பிறப்பதுதானே உன்னதக் கலை!"

செண்பகவல்லி பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த மனிதரிடம் நியாயம் பேசிப் பிரயோஜனமில்லை, தத்துவம்தான் பேச வேண்டும் என்று தோன்றியது. சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"சரி சார். வருகிறேன்னு சொன்னவன் வரணும்ல? சொல்லிட்டு வராமலே போனா மறுபிறவி எங்கே இருக்கு? வர வைப்போம். செத்த வீரன் கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து வருவான். துப்பாக்கியைக் கீழே போட்டுட்டு, விளையாடுறவன் பக்கத்தில் உட்காருவான். தண்ணீர் கேட்பான். அவ்வளவுதான்."

அவளுடைய கணக்கு வேறு. எதிர்வீட்டிலிருந்து 'போயிட்டு வாரேன்' கேட்டால், சற்றுப் பொறுத்து 'வந்துட்டேன்' என்பதும் கேட்கும். போனவர் திரும்பிவிட்டார் என்று பேச்சி மதினிக்கு மனசு ஆறும். காலையில் வந்ததும் நயினார் மைக்கைத் தொட்டுச் சொன்ன 'வந்துட்டேன்' எல்லாம் ராபினிடம் பத்திரமாக இருந்தது. அது மட்டுமல்ல, சுட்டவனுக்கு, தன் குண்டில் செத்தவனின் முகத்தைப் பக்கத்தில் பார்க்க நேரும். கொஞ்சமாவது கூசும். கதை என்று ஒன்றைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டுவது அதற்காகத்தானே. காரணம் கேட்காமல் சுடுகிறவனை ஒரு நிமிஷம் நிற்க வைப்பதற்கு.

கோ சார் சிம்மாசனத்திலிருந்து எழுந்தேவிட்டார். "மீண்டெழும் வீரன்! ஏன் இதை எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லை?"

புதிய காட்சி உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. முதல் இரண்டு நாள் செண்பகவல்லி தரையில் நடக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்த எதிரியைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. மன்னிப்புக் கேட்டவர்கள் உண்டு. தண்ணீர் கொடுத்துவிட்டு அன்றைக்கு அதற்கு மேல் விளையாடாமல் எழுந்து போனவர்கள்கூட உண்டு. சுவைமானி நிதானமாக, மிதமாக ஏறியது.

மூன்றாம் நாள் ராபின் அவள் மேஜைக்கு வந்து நின்றான். முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"எவனோ ஒருத்தன், திரும்பி வந்து உக்காந்தவனைச் சுட்டிருக்கான்க்கா."

"சுட்டா?"

"சுவைமானி கூரையைப் பிச்சுக்கிச்சு. அது கண்டுபுடிச்சா எல்லாருக்கும் காட்டாம இருக்குமா? இப்ப எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. அவசரமே படறதில்ல. முதல்ல சுடறாங்க. அவர் 'போயிட்டு வாரேன்'ங்கிறார். காத்திருக்காங்க. 'வந்துட்டேன்'னு வந்து பக்கத்துல உக்கார்றார். தண்ணி குடுக்கறாங்க. குடிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்து..."

"போதும்."

அதற்கு மேல் அவள் ராபினிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நயினாரே போன் செய்துவிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "தாயி, முன்னாடி ஆளுக்கு ஒரு தடவதான் செத்தேன். இப்ப ஒரே ஆளு கையில திரும்பத் திரும்பச் சாவுதேன். மாடிக்குப் போயித் துணி எடுத்துட்டு உள்ள வந்து, 'வந்துட்டேன்'ன்னேன். பேச்சி அலறுதா, தாயி. வெளிய போற வார்த்த மொதல்லயே போச்சு. இப்ப உள்ள வார வார்த்தையும் போச்சு." பிறகு கேட்டார்: "நீ நல்லதுதான நெனச்சே?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளைக் கிளப்பிவிட்டது. அப்போது அவள் நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு, சோதனைக்கென்று விளையாட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு நயினார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

பெரிய கூடத்தில் கோ சார் முதலீட்டாளர்களுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். கொசு பேட்காரரும் இருந்தார். அவருக்கு எதிரே, கதவு இருந்த பக்கத்துச் சுவர் முழுக்க ஒரு திரை. அலுவலகத்தில் பட்டை கட்டியிருக்கிறவர்களின் சுவை எல்லாம் கோடுகோடாக அதில் ஓடும். செண்பகவல்லி கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

"சார், வீரம் வீரம்னு பேசுறீங்களே, இதுல எங்கே சார் வீரம் இருக்கு? தண்ணி குடிக்கிறவனைச் சுடுறதுக்குப் பேரு வீரமா? 'தும்பை'ன்னு பேர் வெச்சிருக்கீங்க. எதிரெதிரா நின்னு பொருதுறவன் சூடுற பூ சார் அது! ஒரு கிளிக்குக்கும் இன்னொரு கிளிக்குக்கும் நடுவுல சிப்ஸ் தின்னுக்கிட்டே சுடுறவனுக்கு என்ன பூ வைக்கப் போறீங்க?"

கோ சார் கையை உயர்த்தினார். அவள் விடவில்லை.

"வடபழனியில ஒரு மனுஷன் வீட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாம உட்கார்ந்திருக்கார். ஏன்? போயிட்டு வாரேன்னு சொல்ல முடியல. இந்த நாட்டுல பிச்சைக்காரன்கூட அதைச் சொல்லிட்டுத்தான் படியிறங்குறான். உலகத்துல யார்கிட்டேயும் பிடுங்க முடியாத சொத்துன்னு நினைச்சேன், அதையும் பிடுங்கிட்டீங்க! முப்பது பக்கம் எழுதின விமர்சகனை ஒரு நாள் அந்த வீட்டு வாசல்ல வந்து நிக்கச் சொல்லுங்க. கீழைத்தேய தத்துவம் அங்கே சுவரைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டிருக்கு! கதைன்னா என்னன்னு கேட்டீங்கன்னா, நம்ம ஆபீஸ்ல அது கை கழுவுற தண்ணி. சுட்டுட்டு வர்றவன் கையில ரத்தம் தெரியாம இருக்க ஊத்துறோம். அவ்வளவுதான் நான் பண்ற வேலை. அவ்வளவுதான் நீங்க பண்ற கலை!"

நன்றாகத்தான் பேசினாள். வார்த்தைகள் தேடாமல் வந்தன. ஒவ்வொரு வாக்கியமும் போய் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. கொசு பேட்காரர் பேட்டைக் கீழே வைத்துவிட்டார். முடித்துவிட்டு மூச்சு வாங்க நின்றபோதுதான், கோ சார் தன்னைப் பார்க்கவில்லை, தனக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதைக் கவனித்தாள்.

திரும்பினாள். திரையில் ஒரு கோடு மட்டும் மற்றவற்றையெல்லாம் கீழே விட்டுவிட்டு மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. அதன் ஓரத்தில் அவள் பெயர்.

"அக்கா," என்றான் கதவருகே வந்து நின்ற ராபின். "நெத்தியில பட்டை..."

அவள் பட்டையைப் பிய்த்தெடுத்தாள். கோடு அறுந்தது. "இது கோபம். கோபத்துல நாடி ஏறும். அதுக்கு வித்தியாசம் தெரியல. ரிப்பேர் மிஷின்!"

"இல்லக்கா." ராபினுக்கு அவளைவிடக் கூச்சமாக இருந்தது. "கோபம்னா சிவப்பா காட்டும். இது பச்சைக்கா. ருசி."

கோ சார் மட்டும் மெல்ல, பக்தியோடு, திரைக்கு அருகே போனார். "கிடைச்சிடுச்சு," என்றார். பிறகு முதலீட்டாளர்கள் பக்கம் திரும்பினார். அவர் குரலில் மேடைத் தமிழ் போய்ச் சுரேஷ்பாபு பேசினார்.

"சுடறவனுக்கு எங்கேயோ ஒரு ஓரத்துல உறுத்துதுங்க. அதனாலதான் நம்ம ருசி ஒரு அளவுக்கு மேல போகல. வழி தெரியாம முழிச்சிட்டிருந்தேன். இந்தம்மா காட்டிட்டாங்க. அந்த வீரன் 'போயிட்டு வாரேன்'னு சொல்லிட்டுச் சாகணும். விளையாடுறவனுக்கு ரத்தம் கொதிக்கணும். அடப்பாவிகளா, இப்படியொரு மனுஷனை அநியாயமா சாகடிக்கிறீங்களேன்னு கோபம் வரணும். கோபம் வந்தா என்ன செய்வான்? சுடுவான். மனசாட்சியோட சுடுவான். அவன் நியாயஸ்தன்! நியாயஸ்தன் எத்தனை பேரைச் சுட்டாலும் உறுத்தாது."

"யாரைச் சுடுவான்?" என்று கேட்டார் கொசு பேட்காரர்.

"யாரையாவது."

"அப்போ அந்த வார்த்தை?" செண்பகவல்லியின் குரல் இப்போது சின்னதாக வந்தது.

கோ சார் அவளை உண்மையான பரிவோடு பார்த்தார். "அதை எடுத்துட்டா எதுக்கும்மா கோபம் வரும்? அது இருந்தாகணும். இனிமே யாரும் தொட முடியாதபடி நானே பூட்டச் சொல்றேன்."

கொசு பேட்காரர் முதலில் கைதட்டினார்.

செண்பகவல்லி வெளியே வந்தாள். வேலையை விடுவதா வேண்டாமா என்பது நாளைய பிரச்சினை. இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வார்த்தை போகப்போவதில்லை என்பதை அண்ணாச்சியிடம் அவளே நேரில் சொல்லிவிட வேண்டும். அவளை நம்பி அந்த வீட்டில் இரண்டு பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்துவிட்டால் வேறு பேட்டைக்கு வீடு பார்ப்பார்கள், ஊருக்கே திரும்பிப் போவார்கள், எதையாவது செய்துகொள்வார்கள். பொய்யான நம்பிக்கையில் வைத்திருப்பது பாவம். ரயிலில் வடபழனி வரைக்கும் இதையேதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனாள். சுவைமானி ரிப்பேர் என்பதையும் இடையிடையே சொல்லிக்கொண்டாள்.

பொழுது சாய்கிற நேரம். பேச்சியம்மாள் கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "வா செம்பகம்," என்றாள். நயினார் பனியனோடு எழுந்துவந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"என்னம்மா, என்ன சொன்னாக?" என்றார்.

"என்ன சொன்னாகளா? நான் என்ன சொன்னேன்னு கேளுங்க அண்ணாச்சி!"

சொன்னாள். கதவைத் தள்ளிக்கொண்டு போனதிலிருந்து தொடங்கினாள். சிம்மாசனத்தைப் பற்றிச் சொன்னாள். சிங்கத்துக்கு மூக்கில்லாததைச் சொன்னபோது பேச்சியம்மாள் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். தண்ணி குடிக்கிறவனைச் சுடுறதுக்குப் பேரு வீரமா என்று கேட்டேன் என்றாள். சிப்ஸ் தின்னுக்கிட்டே சுடுறவனுக்கு என்ன பூ என்று கேட்டேன் என்றாள். அங்கே சொல்லாத, ஆனால் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துக்கொண்டாள். பிச்சைக்காரனும் சொல்லிட்டுத்தான் படியிறங்குறான் என்கிற இடத்தில் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

"இப்படியா கேட்டே? அத்தன பேரு முன்னாலயா?" என்றார் நயினார்.

"அத்தன பேரு முன்னாலதான். ஒருத்தன் வாயத் தொறக்கலியே!"

"எங்களுக்காவ யாரு போயி இப்படிப் பேசுவா," என்று பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திரும்பச் சொல்லு, அந்தப் பூ வச்சத."

அவள் திரும்பவும் சொன்னாள். இரண்டாம் தடவை இன்னும் நன்றாக வந்தது.

"பாலு இல்ல, ஒரு காபி குடிக்காம இவள அனுப்பக் கூடாது," என்று நயினார் சட்டையை மாட்டினார். வாசலில் செருப்புக்குள் காலை நுழைத்தார். ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே பார்த்து, தெரு முழுக்கக் கேட்கட்டும் என்கிற மாதிரி, "போயிட்டு வாரேன்!" என்றார்.

பேச்சியம்மாள் பதறவில்லை. "சரி, சீக்கிரம் வாங்க," என்றாள்.

அதைப் பார்த்து செண்பகவல்லிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாழ்க்கையில் நாம் செய்த ஒரே நல்ல காரியம் இன்றைக்குப் பேசிய பேச்சுதான் என்று நினைத்தாள். பால் வந்தது. காபி வந்தது. கூடவே ஒரு பொட்டலம் காராச்சேவும் வந்தது. இருவரும் கீழ்ப்படி வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. காராச்சேவைப் பிரித்தாள். இரண்டு நிலையம் தாண்டி, காராச்சேவில் பாதிக்கு மேல் தின்று முடித்த பிறகுதான், அந்த வார்த்தையை எடுக்கப்போவதில்லை என்பதை அவர்களிடம் சொல்லவே இல்லை என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது.